நஸ்ராவின் தாயிடம் நான் கேட்காத கேள்வி

பிள்ளைகளே, நீங்கள் ஐந்து பேரும் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள், பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வீட்டுப்பாட உதவிக்கு இந்த மாதம்தான் வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். "ரீச்சர் தமிழிலேயே எழுதித் தரட்டும்" என்று நீங்களே கேட்டீர்களாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோசமும் வந்தது, கொஞ்சம் சந்தேகமும் வந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள்தானே நீங்கள். மெதுவாக வாசியுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

பிள்ளைகளை எப்படிச் சத்தம் போடாமல் இருத்துவது, கைபேசியை எப்படி வாங்கி வைப்பது, பின்னம் விளங்காத பிள்ளைக்கு எதைக் காட்டி விளக்குவது என்றெல்லாம் ஒரு தாளில் கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். அவையெல்லாம் முதல் மாதத்திலேயே கைக்கு வந்துவிடும். வராவிட்டால் பக்கத்து அறையில் இருப்பவரைக் கேளுங்கள். நான் எழுதப்போவது ஒரே ஒரு பிழையைப் பற்றி. அதை நான்தான் செய்தேன். நீங்களும் செய்யக்கூடும், ஏனென்றால் நீங்களும் எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்கள்.

திருகோணமலையில் ஏழு வருடம் கணக்கு ஆசிரியையாக இருந்தேன். இந்த நாட்டுக்கு வந்ததும் வடக்கே மீன் ஆலையில் மீன் வெட்டினேன். ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து, ஸ்டோவ்னரில் வீடு எடுத்து, தேபான் என்ற நகர ரயிலில் சில தரிப்பு தள்ளியிருந்த ஒரு பள்ளியில் முதலில் உதவியாளராகவும் பிறகு வீட்டுப்பாட உதவிக்குப் பொறுப்பாகவும் பதினாறு வருடம் இருந்தேன். என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் சோமாலியா, எரித்திரியா, கம்பியா என்று ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் வகுப்பில் அவர்களிடம் யாரும் அதிகம் எதிர்பார்க்கவில்லை. "இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்று ஒருவரும் வாயால் சொல்ல மாட்டார்கள், கொடுக்கும் பயிற்சியில் அது தெரியும். அதனால் புதன்கிழமைகளில் பாடப்புத்தகத்தைத் தாண்டிய கணக்குக்கு ஒரு சின்னக் குழு வைத்தேன். விரும்பினவர்கள் வரலாம்.

இது தனிமையான வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னேரம் இரண்டரைக்குப் பிள்ளைகள் வருவார்கள், ஐந்து மணிக்குப் போய்விடுவார்கள். காலை ஆசிரியர்கள் அதற்கு முன்பே வீட்டுக்குப் போயிருப்பார்கள். பிள்ளைகள் போனபின் நான் கொப்பி திருத்திக்கொண்டு இருப்பேன். எங்கள் அறை விளக்கு ஆள் அசைந்தால்தான் எரியும். கொஞ்ச நேரம் அசையாமல் எழுதினால் தானாக அணைந்துவிடும். நான் கையை ஆட்டி, இங்கே ஒரு ஆள் இருக்கிறேன் என்று விளக்குக்கு அறிவிக்க வேண்டும். சிரிக்காதீர்கள், உங்களுக்கும் நடக்கும்.

எங்கள் சனத்திடமும் இந்த வேலைக்குப் பெரிய மதிப்பு இல்லை. என் கணவர் இறந்து ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். மீன் ஆலையில் என்னோடு வேலை செய்த, யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்தார்.

"உமக்கு வேறை வேலை கிடைக்கேல்லையோ? எங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்க ஆளில்லை. நீர் கறுவலின்ரை பிள்ளையளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறீர்," என்றார்.

அவரையும் என்னையும் என் மாணவிகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் நிறத்தில் பெரிய வித்தியாசம் இராது. அதை நான் சொல்லியிருக்கலாம். சோற்றைப் பிசைந்து முடித்துக்கொண்டு எழுந்து வந்தேன். அதன்பிறகு அழைப்புகள் குறைந்தன, நானும் போவதைக் குறைத்தேன். மகன் துரொண்ட்ஹெய்மில் படிக்கப் போய் அங்கேயே வேலையும் எடுத்துவிட்டான். என் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் வானொலிதான். ஆனாலும் மனதுக்குள் ஒரு பெருமை இருந்தது: நான் அந்தப் பெண்ணைப் போல இல்லை என்று.

எனக்கு முன் அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு நோர்வேஜியப் பெண். அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது சாவிக்கொத்தோடு ஒரே ஒரு சொல்தான் தந்தார். பெற்றோரோடு பேச வேண்டுமானால் பிள்ளையை நடுவில் நிறுத்தாதே, தொல்க்கைக் கூப்பிடு என்றார். தொல்க் என்றால் மொழிபெயர்ப்பாளர், உங்களுக்குத் தெரியும். தொலைபேசிக்குப் பக்கத்தில் இலக்கத்தையும் ஒட்டிவிட்டுப் போனார். நான் தலையாட்டினேன், உள்ளே சிரித்தேன். நாங்கள் இந்த நாட்டில் பிழைத்ததே பிள்ளைகளின் நாக்கை வைத்துத்தானே. என் மகன் எட்டு வயதிலேயே எனக்காக டொக்டரிடம் பேசினான், வங்கியில் பேசினான், வரிக் காரியாலயத்தில் பேசினான். அவன் இல்லாவிட்டால் நான் ஊமை. "என்ர மகன் பெரிய ஆள் மாதிரிக் கதைப்பான்" என்று நான் சொல்லாத வீடு இல்லை. இதெல்லாம் இந்த நாட்டுக்காரிக்கு எங்கே விளங்கப்போகிறது என்று நினைத்தேன்.

இனி நஸ்ராவைப் பற்றி. ஒன்பதாம் வகுப்பு, பதினான்கு வயது. சோமாலியக் குடும்பம். தகப்பன் வேறு நகரத்தில் வேறாக இருந்தார். தாய் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. வீட்டில் இரண்டு சின்னத் தங்கைகள். நஸ்ரா அதிகம் பேச மாட்டாள், யன்னல் பக்கத்து மேசையில் இருந்து சட்டைக் கை நுனியைக் கடித்துக்கொண்டிருப்பாள். ஒரு புதன்கிழமை நான் ஒரு பழைய கணக்கைக் கொடுத்தேன்: பன்னிரண்டு பேர் ஒரு விருந்தில் ஒருவருக்கொருவர் கை கொடுத்தால் மொத்தம் எத்தனை தரம் கை கொடுப்பார்கள். நான் பலகையில் எழுதி முடிக்குமுன் அறுபத்தாறு என்றாள். பிறகு, அவர்களில் இரண்டு பேர் கோபத்தில் இருந்தால் என்ன செய்வது, மூன்று பேர் கோபத்தில் இருந்தால் என்ன செய்வது என்று தானே கேட்டு, தானே ஒரு முழுப் பக்கம் போட்டாள். ஏழு வருட ஊர் அனுபவத்திலும் பதினாறு வருட ஒஸ்லோ அனுபவத்திலும் அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பத்தாம் வகுப்பில் கணக்கில் முன்னுக்கு நிற்கும் பிள்ளைகள், உயர்தரப் பள்ளியின் முதல் வருடக் கணக்கை ஒரு வருடம் முந்தியே படிக்கலாம். கிழமையில் இரண்டு காலை வேறொரு பள்ளிக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளோடு இருந்து படிக்க வேண்டும். பெற்றோரின் கையெழுத்து வேண்டும், பெயர்ப் பட்டியல் ஈஸ்டருக்கு முன் மூடிவிடும். எங்கள் பள்ளியிலிருந்து அப்படி ஒரு பிள்ளை போய்ப் பல வருடங்கள். நஸ்ராவை அனுப்பிவிட வேண்டும் என்று நின்றேன். அவளுக்காக என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அந்தக் கலியாண மேசைக்காரியிடம் ஒரு நாள் இதைச் சொல்ல வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது, மறைப்பானேன்.

நஸ்ராவிடம் அதைச் சொன்னபோது அவள் சட்டைக் கையைக் கடித்தாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஊர் வழக்கப்படி நேராக வீட்டுக்குப் போனேன். ரீச்சர் வீட்டுக்கு வந்தால் எங்கள் ஊரில் அது ஒரு மரியாதை. இங்குள்ள ஆசிரியர்கள் அப்படிப் போக மாட்டார்கள்.

தாய் என்னைக் கண்டதும் கதவை அகலத் திறந்து, வாங்கோ, இருங்கோ என்பதை மட்டும் நோர்வேஜிய மொழியில் சொன்னார். ஏலக்காய் போட்டு, சீனி அள்ளிக் கொட்டிய தேநீர் தந்தார். என் நோர்வேஜிய மொழியும் அப்படி ஒன்றும் வெட்டி விழுத்துகிற மொழி அல்ல. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு வசனம் தொடங்கினால் முடியும் வரை எனக்கு வியர்க்கும். அதனால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு இருந்தோம். நஸ்ரா எங்களுக்கு நடுவில் இருந்தாள். பள்ளியில் என் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த தொல்க் இலக்கம் என் நினைவுக்கு வரவே இல்லை.

"நான் சொல்வதை அம்மாவுக்குச் சொல்லு" என்று தொடங்கினேன். உங்கள் மகளுக்கு அபூர்வமான மூளை, இந்த வகுப்புக்கு அனுப்பினால் நாளைக்கு எஞ்சினியரோ டொக்டரோ ஆகலாம் என்று ஐந்து நிமிடம் பேசினேன். நஸ்ரா அதைச் சோமாலிய மொழியில் அரை நிமிடத்தில் முடித்தாள். தாய் முகம் மலர்ந்து, அவள் தலையைத் தடவி, என்னவோ சொன்னார். நஸ்ரா என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா வேண்டாம் என்று சொல்கிறார். பெண் பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று சொல்கிறார்."

சிரித்த முகத்தையும் நான் பார்த்தேன், அந்தச் சொல்லையும் நான் கேட்டேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. முதல் வருட ஆசிரியைகூடப் பிடித்திருப்பாள். நான் பிடிக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சொல் என் மனதில் ஏற்கனவே தயாராக இருந்தது. ஒரு தமிழ்த் தாய் அப்படிச் சொன்னதாக யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். "என்ன கதை கதைக்கிறீர்" என்று அந்த இடத்திலேயே சண்டை பிடித்திருப்பேன். சோமாலியத் தாய் என்றதும் ஒரே சொல்லில் நம்பிவிட்டேன். கலியாண மேசைக்காரி வாயால் சொன்னார், நான் வாயைத் திறக்காமல் மனதில் வைத்திருந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளியின் ஆலோசகரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பெண் பிள்ளைகளை வீட்டில் அடைத்துவைக்கிறார்களா என்று கவனிப்பதும் அவருடைய வேலைகளில் ஒன்று. தாய் உண்மையாகவே அப்படிச் சொன்னாரா என்று இரண்டு தரம் கேட்டார். "என் முன்னால் சொன்னார்," என்றேன்.

அந்த மூன்று சொல்லை ஆலோசகர் எழுதிக்கொண்டார், சிறுவர் நலனைப் பார்க்கும் பார்னவேர்னுக்கு ஓர் அறிக்கை போனது. பார்னவேர்ன் என்ற பெயரைச் சொன்னாலே எங்கள் வீடுகளில் குரல் இறங்கிவிடும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் வெளிநாட்டுக்காரர் வீடு எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருந்தேன். ஒரு நெருக்குதல் வந்தால் தாய் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுகூட நினைத்தேன். விண்ணப்பத்தில் பெற்றோருக்கான கட்டத்துக்கு மேல், தாய் மறுத்துவிட்டார் என்று பென்சிலால் எழுதிக் கோப்பில் வைத்தேன். பட்டியல் மூடியது.

ஈஸ்டருக்குப் பிறகு தாயைப் பார்னவேர்னுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே முறையான தொல்க் ஒருவர் இருந்தார். தன் மகளின் படிப்பைத் தான் மறுத்ததாக அந்தத் தாய் முதல்முதலாகக் கேள்விப்பட்டது அந்த மேசையில்தான். யார் சொன்னது என்பதும் தாளில் இருந்தது.

அன்று புதன்கிழமை. பின்னேரம் மூன்று மணிக்குக் கணக்குக் குழு நடந்துகொண்டிருந்தது. நஸ்ராவோடு சேர்த்து ஒன்பது பிள்ளைகள். கதவைத் தட்டாமல் தாய் உள்ளே வந்தார். வேலை உடுப்பில் இருந்தார். என் மேசைக்கு முன்னால் நின்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். உடைந்த மொழிதான், ஆனால் ஒரு சொல்லும் விளங்காமல் போகவில்லை.

"நான் வேண்டாம் சொன்னது எப்ப? எந்த நாள்?"

நடந்தது என்ன என்று அந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வெளியே போய்க் கதைப்போம் என்று சொல்லியிருக்கலாம். பிழை என்னுடையது, நான் உங்களிடம் கேட்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை, இரண்டுக்கும் நேரம் இருந்தது. ஆனால் ஒன்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தாளில் என் பெயர் இருந்தது, எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நான் கையைத் தூக்கி யன்னல் பக்கம் விரலை நீட்டினேன்.

"அவள்தான் அப்படிச் சொன்னாள்," என்றேன்.

நஸ்ரா அழவில்லை. பேனையை மூடினாள், கொப்பியைப் பையில் வைத்தாள், எங்கள் இரண்டு பேரையும் தாண்டிக்கொண்டு வெளியே போனாள். தாய் அவளுக்குப் பின்னால் ஓடினார். மற்றப் பிள்ளைகள் எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி ஒருத்தி பையோடு எழுந்து போனாள், பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் போய்விட்டார்கள். நான் கதிரையில் இருந்தேன். விளக்கு அணைந்தது. நான் கையை ஆட்டவில்லை.

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பொய் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதை அவளிடம் தனியாக, ஆறுதலாகக் கேட்க வேண்டும். நாலு பேருக்கு முன்னால் உங்கள் கழுத்துக்குக் கத்தி வந்தாலும் பிள்ளையைக் காட்டிக் கொடுக்காதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு அறுபது வயதுக்காரி பின்னால் ஒளிந்த கதை இது. எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

மறுநாள் பார்னவேர்னுக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். யாரிடமும் கொடுத்துத் திருத்தவில்லை, பிழை பிழையாகவே எழுதினேன். அந்தத் தாயோடு நான் நேரே ஒரு சொல்லும் பேசவில்லை, பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தேன், அப்படிச் செய்யக்கூடாது என்று எனக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது, தவறு முழுவதும் என்னுடையது என்று எழுதினேன். இவ்வளவு தேவையில்லை என்றார் ஆலோசகர். அனுப்பிவிட்டேன். அதிபர் கூப்பிட்டு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்தார். தரத்தான் வேண்டும். சில கிழமைகளில் பார்னவேர்ன் அந்த விடயத்தை ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டது. நஸ்ரா என் அறைக்கு வரவில்லை. தாழ்வாரத்தில் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பி நடந்தாள். மன்னிப்புக் கேட்கக் கிட்டப் போகவும் எனக்குத் துணிவு வரவில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். வழக்கமாகச் சாப்பாட்டையும் குளிரையும் பற்றிக் கதைத்து முடிப்போம். அன்றைக்கு வேறொன்று கேட்டேன்.

"நீ சின்னனிலை எனக்குத் தொல்க்காக வந்தனி தானே. டொக்டர் சொன்னதெல்லாத்தையும் எனக்குச் சொன்னனியோ?"

பின்னால் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை நிறுத்தினான்.

"எல்லாத்தையும் இல்லை அம்மா."

"எதைச் சொல்லேல்லை?"

"இப்ப அது எதுக்கு. நீங்கள் அப்ப நெடுக அழுதுகொண்டிருந்தனீங்கள். எனக்கு எட்டு வயசு. நீங்கள் அழக்கூடியதை எல்லாம் விட்டிட்டு மிச்சத்தைச் சொன்னனான்."

பிறகு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. டொக்டருடைய மேசைக்கு மேலால் தலை மட்டும் தெரிந்த அந்தப் பிள்ளை எதையெல்லாம் தனக்குள் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தானோ தெரியாது. அவன் என்னைச் சுமந்திருக்கிறான். நான் அதைக் கெட்டித்தனம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அன்று முழுவதும் வானொலியைப் போடவில்லை.

யூன் மாதம், விடுமுறைக்கு முந்திய கிழமை, பிள்ளைகள் எல்லாரும் சுற்றுலா போயிருந்தார்கள். நான் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நஸ்ராவின் தாய் வந்தார். இந்த முறை கதவைத் தட்டினார். நான் ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்து, தொல்க் சேவையின் இலக்கத்தை அழுத்தத் தொடங்கினேன். அவர் கையால் மறித்தார்.

"வேண்டாம். இன்னொரு ஆள் வேண்டாம். நீங்கள் மெதுவாக. நான் மெதுவாக."

ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அவர் விட்ட அதே பிழைகளை நானும் விட்டேன். சொல் வராத இடத்தில் இரண்டு பேரும் கையால் காட்டினோம். இவ்வளவு நேரம் நோர்வேஜிய மொழியில் வியர்க்காமல் நான் யாரோடும் பேசியதில்லை. அன்று அவருடைய வீட்டில் ஏலக்காய்த் தேநீரோடு இதையே செய்திருக்கலாம். அவர் தன் மொழிக்கு வெட்கப்பட்டார், நான் என் மொழிக்கு வெட்கப்பட்டேன், நடுவில் ஒரு பிள்ளையை இருத்திவிட்டோம்.

முதலில் அறிக்கைக்கு மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். பிறகு விரல் நீட்டியதற்குக் கேட்டேன். அதற்கு அவர் தலையாட்டவில்லை.

"அது எனக்கு இல்லை. நஸ்ராவுக்கு," என்றார்.

அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள், ஒரு கடிதம் தந்தால் கொடுப்பீர்களா என்று கேட்டேன். மாட்டேன், அவளுக்கு நீங்கள் சொல்வதை நான் கொண்டுபோக மாட்டேன், தபாலில் போடுங்கள் என்றார். அவர் சொன்னது சரி. போட்டேன். பதில் வரவில்லை. நஸ்ரா பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாள், என்ன படித்தாள் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க எனக்கு உரிமையும் இல்லை.

பிறகு அவர் காரணத்தைச் சொன்னார். அவர் விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். தங்கைகள் இரண்டு பேரையும் எழுப்பி, உடுப்பாட்டி, சிறுவர் பள்ளியில் கொண்டுபோய் விடுவது நஸ்ரா. அந்தக் கணக்கு வகுப்போ காலை எட்டு மணிக்கு, இரண்டு தேபான் மாறிப் போக வேண்டிய இடத்தில். நான் அந்த வீட்டில் அவ்வளவு பேசினேன், காலையில் யார் யார் எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று நஸ்ரா தாய்க்குச் சொன்னது, ரீச்சர் என்னைப் பாராட்ட வந்திருக்கிறார் என்பதை மட்டும்தான். தாய் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

"நான் நேரம் மாற்றக் கேட்பேன். மேலாளர் இல்லை சொன்னால், வேலை விடுவேன். நஸ்ராவுக்கு அது தெரியும். நான் ஓம் சொல்லுவேன், தெரியும். அதனால் என்னைக் கேட்கவில்லை," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. நான் கண்ணைத் துடைத்து முடியும் வரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டார். எந்தத் தாள் என்று எனக்கு உடனே விளங்கியது. பட்டியல் மூடி இரண்டு மாதம் ஆகிறது, இனி அதை எங்கேயும் அனுப்ப முடியாது என்றேன்.

"தெரியும். தாருங்கள்."

கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான் பென்சிலால் எழுதியிருந்ததை உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். பிள்ளைகளின் பெட்டியிலிருந்து ஓர் அழிறப்பரை எடுத்து, அந்த வரி தடம் தெரியாமல் போகும் வரை அழித்தார். தூளை ஊதித் தள்ளினார். என் பேனையை வாங்கி, சம்மதம் என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, கீழே தன் முழுப் பெயரையும் ஆறுதலாக எழுதினார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"நான் சொன்னது இது," என்றார்.